நூலும் நீரும் – 17: துறைமுகத்தின் வாசலில் நான்கு தீவுகள்

ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றிப் போன வாரம் பார்த்தோம். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்த அணை, சில ஆண்டுகளுக்குள் சாயத்தண்ணீர்த் தொட்டியாகிப் போனது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்றுசேர்ந்து 2003-ல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. முறைப்படி அடுத்து நாம் 2011 ஜனவரிக்குப் போக வேண்டும். அதற்குள் ஒரு கிளைக்கதை இருக்கிறது. நிறைவேறாத திட்டம் என்பதால் திருப்பூரின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் அதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தாண்ட மனமில்லை.

2000-களின் பின்பாதியில் பேசப்பட்ட திட்டம் அது. திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரச் சாயப்பட்டறைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நீண்ட குழாய் போட்டு, கடலில் கொண்டுபோய் விடுவது. அரசு மட்டத்திலேயே ஆலோசனை நடந்தது. பட்டறைக்காரர்களுக்கு அது பெரிய ஆறுதலாகத் தெரிந்ததில் வியப்பில்லை. தண்ணீரின் நிறத்தை எடுத்துவிடலாம், நாற்றத்தைப் போக்கிவிடலாம். கரைந்து கிடக்கும் உப்பை எடுப்பதுதான் கோடிகளைத் தின்கிற வேலை. கடலோ ஏற்கெனவே உப்பு. உப்போடு உப்பாகப் போய்ச் சேரட்டுமே என்பது அன்றைய வாதம்.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் அப்போது திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, தண்ணீரில் துணியும் சாயமும் ஒரே வகை மின்னேற்றம் கொண்டு ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கிச் சாயத்தைத் துணிப்பக்கம் ஓட்டுவது உப்பு. அடர் நிறம் வேண்டுமென்றால் லிட்டருக்கு 60, 80 கிராம் வரை கொட்டுவார்கள். கடல்நீரில் இருப்பது சுமார் 35 கிராம்தான். கறுப்பு பனியன் துணி முங்கி எழும் சாயத்தொட்டி வங்காள விரிகுடாவைவிட உப்பானது. உப்பு துணியில் ஒட்டுவதில்லை, செலவாவதும் இல்லை. போட்டது அத்தனையும் அலசும் நீரோடு வெளியே வந்துவிடும். நொய்யலைக் கெடுத்தது சாயத்தின் நிறம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள். ஆற்றின் கீழ்ப்பகுதியில் காங்கேயத்துக்காரர்கள் கிணற்றில் கண்டது உப்பு. தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து லாரியில் மேற்கே ஏறி வந்து தொட்டியில் விழுந்த உப்பும் அதில் உண்டு.

ஆக, கடல் திருப்பூருக்குப் புதிதல்ல. உப்பு அங்கிருந்து வந்தது, சரக்கு அங்கே போனது, கழிவையும் அங்கேயே அனுப்பலாம் என்று யோசித்தார்கள். ஆனால் ஊருக்குள் கடலைப் பற்றிய பேச்சு எப்போதும் தேதியைப் பற்றிய பேச்சுத்தான். வெசல் எப்போது, கட்-ஆஃப் எத்தனை மணி, கன்டெய்னர் கிடைத்ததா, கொழும்பில் மதர் வெசலைப் பிடிக்குமா. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஊர் இது. அதில் பெரும்பங்கு சுமார் 300 கிலோமீட்டர் தெற்கே இறங்கி, தூத்துக்குடியில் சிறு ஃபீடர் கப்பலேறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுகிறது. அந்தத் துறைமுகத்தின் வாசலில் கடலுக்குள் என்ன இருக்கிறது, அதற்கு என்ன ஆயிற்று என்பதுதான் இந்த வாரக் கதை. நொய்யல் காவிரியில் கலந்து வங்கக் கடலுக்குப் போகிற ஆறு. அதன் தண்ணீர் தூத்துக்குடிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நமக்கும் அந்தக் கடலுக்கும் உள்ள உறவு சரக்கு வழியாக வந்த உறவு.

ஆழமில்லாத துறை

தூத்துக்குடி பழைய துறை. ஆனால் கப்பல் கரைக்கு வருகிற துறையாக அது இருந்ததே இல்லை. போர்த்துக்கீசியர் 1530-களில் வந்தார்கள், 1658-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், கடைசியில் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. எவர் கொடி பறந்தாலும் கப்பல் சில மைல் தள்ளித்தான் நங்கூரம் போட்டது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கைச் சுமந்தவை தோணிகள். காரணம் எளியது: அங்கே கடல் ஆழமில்லை. கரைக்கு எதிரே தீவுகளும், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகளும், அப்பால் சிப்பி விளையும் பார்களும். பெரிய அலையை அவை வெளியிலேயே உடைத்துவிடும். அதனால் துறை அமைதியாக இருந்தது. அதே காரணத்தால் மேடாகவும் இருந்தது. எது அந்தத் துறையைத் துறையாக்கியதோ, அதுவே பெரிய கப்பலை உள்ளே விடவில்லை. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

1876-ல் மதுரையிலிருந்து ரயில் வந்தது. திருநெல்வேலிப் பருத்தி பொதிபொதியாக இறங்கியது. ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை கண்டார்கள். தூத்துக்குடியில் அவர்கள் ஆலைக்குப் பெயர் கோரல் மில், பவள ஆலை. 1908 பிப்ரவரியில் அந்த ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னால் நின்றவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்து, வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாக கொழும்புக்குக் கப்பல் விட்டவரும் அவர். அந்த வரலாறு எல்லோருக்கும் தெரியும், இங்கே விரிக்கவில்லை. திருப்பூர்ச் சரக்கு இன்றைக்குப் போகிற கொழும்பு வழி அவர் பந்தயம் கட்டிய அதே வழி என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

அந்தத் துறையின் நிஜமான செல்வம் தண்ணீருக்கு அடியில் இருந்தது. முத்துக்குளிப்பை ராணிகளின் கழுத்து மாலையோடு சேர்த்துத்தான் நாம் நினைக்கிறோம். அதன் நிர்வாகத்தைப் பார்க்க வேண்டும். சிப்பி இருக்கிறதென்பதற்காக யாரும் போய் அள்ளிவிட முடியாது. அரசு ஆளனுப்பிப் பார்களைச் சோதிக்கும். மாதிரிச் சிப்பிகளை எடுத்து வயதைப் பார்ப்பார்கள், முத்தின் மதிப்பைக் கணிப்பார்கள். முதிரவில்லை என்றால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. ஆண்டுக்கணக்கில், சில சமயம் பத்தாண்டுக்கணக்கில்கூட பார் சும்மா கிடந்திருக்கிறது. குளிப்பு நடந்தால் எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லிக் கரையில் மந்திரம் ஓதிய கடல்கட்டிக்கும் அதில் ஒரு சிறு பாத்தியம் இருந்தது. சங்கு குளிப்பிலும் இப்படித்தான்: குறிப்பிட்ட விட்டத்துக்குக் குறைந்த சங்கை உயிரோடு கடலிலேயே திரும்ப விட வேண்டும். ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற மதராஸ் மாகாணத்து அதிகாரிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய அறிக்கைகளைப் படித்தால், அந்தக் கடலடியை அவர்கள் பார் பாராகப் பெயர் சொல்லி அறிந்திருந்தது தெரியும்.

இதைக் கருணை என்று நான் சொல்லவில்லை. அரசாங்கத்துக்கு வருமானம் வேண்டும், அதனால் காத்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: காக்க ஆள் இருந்ததற்குக் காரணம், பாருக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். பவளத்துக்கு அப்படி யாரும் இல்லை. பவளப்பாறையிலிருந்து முத்து வராது, சங்கு வராது. அது வெறும் கல். ஆகவே அது எடுக்கிறவனுடைய கல் ஆயிற்று. தமிழ்நாட்டுப் பக்கம் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதன்பின் குளிக்கும் அளவுக்குப் பார் விளையவில்லை. கடலடியைக் கணக்குப் பார்த்துவந்த அந்தப் பழைய கண்ணும் அத்தோடு மங்கிப்போனது.

முத்து நின்றுபோன அதே காலத்தில்தான் புதிய துறைமுகம் தொடங்கியது. 1963-ல் அனுமதி, 1974 ஜூலை 11-ல் பெருந்துறைமுகம் என்ற அறிவிப்பு. இயற்கை ஆழம் தராத இடத்தில் ஆழத்தைச் செய்துகொண்ட துறைமுகம் அது. கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு கல்சுவர்கள், வடக்கே ஒன்று தெற்கே ஒன்று, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு இணையாக ஓடுகின்றன. நடுவே 1,275 மீட்டர் அகலத்துக்கு அடங்கிய நீர். தீவுகளும் பாறைகளும் அதுவரை செய்துவந்த அலைத்தடுப்பு வேலையை மலைக்கல்லைக் கொட்டிச் செய்தார்கள். பழைய சிறு துறைமுகம் 1979-ல் இதோடு இணைந்தது. 1999 இறுதியில் கன்டெய்னர் முனையம் வந்தது. திருப்பூர்க்காரர்கள் தூத்துக்குடியை நெருங்கிய சொந்தமாக நினைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2011-ல் துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வைத்தார்கள். அவர் சிறைக்குப் போய் நூறு ஆண்டு கழிந்த பிறகாவது.

கல் எடுத்த காலம்

துறைமுகத்துக்கு வடக்கே, கரையை ஒட்டினாற்போல் நான்கு தீவுகள்: வான் தீவு, காசுவார் தீவு, விலாங்குச்சல்லி, காரியாச்சல்லி. யாரும் குடியிருக்காத மணல் திட்டுகள். பவளம் உடைந்து மணலாகி, அலை அதை ஒதுக்கிக் குவித்து உருவானவை. சுற்றியிருக்கும் பாறை உயிரோடு இருக்கும்வரைதான் தீவுக்கு மணல் வரும், அலையும் தடுக்கப்படும். பாறை போனால் தீவு அலையின் வாயில் நேராக நிற்க வேண்டியதுதான்.

அந்தப் பாறையைத்தான் வெட்டினார்கள். வள்ளத்தில் போய், முங்கி, கடப்பாரையால் நெம்பி, துண்டு துண்டாகப் பெயர்த்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்கும், வீட்டுச் சுவருக்கும், சாலைக்கும், பின்னாளில் ரசாயன ஆலைகளின் சுண்ணாம்புத் தேவைக்கும் அது போனது. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலுமாக ஆண்டுக்குச் சுமார் 25,000 டன் பவளக்கல் எடுக்கப்படுவதாக மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 1970-களின் தொடக்கத்தில் கணக்கிட்டார்கள். நினைத்துப் பாருங்கள், கிளைப்பவளம் ஆண்டுக்குச் சில அங்குலம் வளரும். மூளைபோல் திரண்டிருக்கும் உருண்டைப் பவளம் ஆண்டுக்கு விரற்கடைகூட வளராது. ஒரு வள்ளம் ஒரு நாளில் ஏற்றியது பல தலைமுறைக் காலத்து வளர்ச்சி.

கல் எடுத்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவது சுலபம். பலரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். மீன் படாத மாதத்தில், முத்தும் நின்றுபோன கரையில், முங்கத் தெரிந்த ஒருவன் என்ன செய்வான்? கல்லை வாங்க ஆள் இருந்தது, அதனால் எடுத்தான். வாங்கியவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. திருப்பூரில் சாயம் போட்ட தொழிலாளியின் கையை மட்டும் படம்பிடித்துவிட்டு, பனியனை வாங்கியவரை விட்டுவிடுவது போன்றது இது.

சட்டம் வந்தது, மெதுவாக வந்தது. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாக் கடலுமாக 560 சதுர கிலோமீட்டர், 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-ல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. இந்தியாவில் கடலுக்கென்று அமைந்த முதல் உயிர்க்கோளக் காப்பகம் அது. வரைபடத்தில் கோடு விழுந்தது. கடப்பாரை நிற்கவில்லை. 2001-ல் கல்பவள இனங்கள் முழுவதையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில், சேர்த்தார்கள். அப்போதும் முழுதாக நிற்கவில்லை.

நிறுத்தியது 2004 டிசம்பர் 26. சுனாமி நாகப்பட்டினத்தை அழித்த அளவுக்குத் தூத்துக்குடிக் கரையைத் தொடவில்லை. இலங்கை குறுக்கே நின்றது முக்கியக் காரணம். ஆனால் தீவுகளும் பாறைகளும்தான் நம்மைக் காத்தன என்ற எண்ணம் கடற்கரைக் குடியிருப்புகளில் அழுத்தமாக விழுந்தது. 2005-க்குப் பிறகு கல் எடுப்பு அடங்கிப்போனதை அங்கே ஆண்டாண்டாக முங்கிப் பார்த்துவரும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பதினெட்டு ஆண்டுகளாகச் சட்டம் செய்ய முடியாததை ஒரு காலைப்பொழுது செய்தது. சட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கரையில் இருப்பவன் தன் நலத்தைத் தானே கண்டுகொள்ளும்வரை அரசிதழ் அறிவிப்பு ஈரக் காகிதம்தான்.

அதற்குள் நடந்த நட்டத்துக்குக் கணக்கு இருக்கிறது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தினர், ஜே.கே.பாட்டர்சன் எட்வர்டு தலைமையில், 2003 முதல் 2005 வரை தீவு தீவாக முங்கி அளந்தார்கள். மன்னார் வளைகுடாவின் 110 சதுர கிலோமீட்டர் பவளப்பரப்பில் சுமார் 32 சதுர கிலோமீட்டர் சிதைந்துவிட்டிருந்தது. இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி ஒன்று. துறைமுகத்தின் வடக்கே நாம் சொன்ன நான்கில் விலாங்குச்சல்லி மற்றொன்று. பூங்காவின் பெயர்ப்பலகையில் இன்னும் 21 தீவுகள் என்றே எழுதுகிறார்கள். எண்ணிக்கையை மாற்ற யாருக்கு மனம் வரும்!

பட்டா இல்லாத நீர்

கோட்டுக்கு அப்பால் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தூத்துக்குடி வளர்ந்த வேகம் அந்த நான்கு தீவுகளின் ஓரத்திலேயே நடந்தது. 1979-ல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கி, பிறகு 1,050 மெகாவாட் ஆனது. குளிர்விக்கக் கடல்நீரை எடுத்துச் சூடாகத் திருப்பி விடுகிற நிலையம் அது. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு 1994-ல் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் தடையில்லாச் சான்று தந்தபோது, மன்னார் வளைகுடாவிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி அமைய வேண்டும் என்பது நிபந்தனை. ஆலை அதைவிட அருகில் எழுந்தது. 2010-ல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி, நூறு கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. 2018 மே மாதம் 13 பேர் துப்பாக்கிச்சூட்டில் இறந்த பிறகுதான் ஆலை மூடப்பட்டது. அங்கேயும் பேசப்பட்டது பெரும்பாலும் நிலத்தடி நீரும் காற்றும் உடல்நலமும். கடல் வழக்கில் ஒரு தூர அளவாக மட்டும் வந்து போனது.

இந்த இடத்தில்தான் நொய்யலை நினைக்கிறேன். காங்கேயம் விவசாயிகள் ஏன் வென்றார்கள்? நீதி அவர்கள் பக்கம் இருந்தது என்பது சரிதான். அதோடு அவர்கள் கையில் பட்டா இருந்தது. எந்தச் சர்வே எண், எத்தனை ஏக்கர், எந்த மடைப் பாசனம், என்ன பயிர் போயிற்று என்று ஆவணத்தோடு போய் நிற்க முடிந்தது. ஆயக்கட்டுதாரர் என்ற சொல்லே ஒரு உரிமைப் பத்திரம். நீதிமன்றம் நட்டத்தை அளந்தது, இழப்பீடு வாங்கித் தந்தது. கடலுக்கு ஆயக்கட்டு கிடையாது. வான் தீவுக்கு வடக்கே எத்தனை ஏக்கர் கடற்புல் மண்டிக் கிடக்கிறது, அதில் எத்தனை மீன்குஞ்சு வளர்கிறது, அது சேறாகிப் போனால் எந்தத் தெருவில் எத்தனை வலை வெறுமனே ஏறும் என்று கணக்கோடு கூண்டேற ஒருவரும் இல்லை. மீனவர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். பூங்காவின் கோடு முதலில் மறித்தது அவர்களைத்தான். தீவில் இறங்கக் கூடாது, பாறைப் பக்கம் வலை போடக் கூடாது. தடை எல்லாம் வள்ளத்துக்கு. கப்பலுக்குத் தனிப் பாதை. பாதுகாப்பு என்றாலே நம்மைத் துரத்துவது என்று அவர்கள் நினைத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வித்தியாசமும் உண்டு. நொய்யல் ஒரு திசையில் ஓடுகிறது. மேலே யார் விட்டார்கள், கீழே யாருக்கு வந்தது என்று விரல் நீட்டலாம். கடலில் அந்தச் சாட்சி கிடைக்காது. வடகிழக்குப் பருவத்தில் நீரோட்டம் ஒரு பக்கம், தென்மேற்கில் மறுபக்கம். கப்பல் பாதையை ஆழப்படுத்தத் தூர்வாரினால் எழும் வண்டல் பூங்காவின் கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கு வெயில் வேண்டும். கலங்கல் நீரில் வெயில் இறங்காது. வண்டல் படிந்தால் பவளம் கோழை சுரந்து தள்ளப் பார்க்கும், தள்ளித் தள்ளிச் சோர்ந்து மடியும். இதற்குத் தூரத்து உதாரணம் அமெரிக்காவின் மயாமி. பெரிய கன்டெய்னர் கப்பல்களுக்காக அந்தத் துறைமுகத்தின் பாதையை 2013 முதல் 2015 வரை ஆழப்படுத்தினார்கள். நிபந்தனைகளும் கண்காணிப்பும் தாராளமாகவே எழுதப்பட்டிருந்தன. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பவளங்கள் மடிந்திருக்கும் என்று 2019-ல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வசதியுள்ள நாட்டிலேயே காகித நிபந்தனை அவ்வளவுதான் காத்தது.

தூத்துக்குடிக்கும் அப்படி ஒரு பெரிய தூர்வாரல் வரவிருந்தது. 2005 ஜூலை 2-ல் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட சேதுசமுத்திரத் திட்டம். தூத்துக்குடித் துறைமுகம்தான் அதன் பொறுப்பு அமைப்பு. திருப்பூரிலும் அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது, கொழும்பை நம்பியிருக்க வேண்டாமே என்று. 2007-ல் உச்ச நீதிமன்றம் ஆதம் பாலத்தை வெட்டத் தடை விதித்தது. ராமர் கட்டிய பாலமா இல்லையா என்று நாடே சண்டையிட்டது. மீன்வளம், பவளம், வண்டல் பற்றி மீனவர் அமைப்புகளும் விஞ்ஞானிகளும் அதற்கு முன்பிருந்தே கேட்டுவந்த கேள்விகள் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயின. திட்டம் நின்றது. எந்தக் காரணத்துக்காக நின்றிருக்க வேண்டுமோ அதற்காக நிற்கவில்லை.

இப்போது வான் தீவுக்குத் திரும்புவோம். 1986-ல் பூங்காவுக்குள் வந்தபோது அதன் பரப்பு சுமார் 16 ஹெக்டேர். 2014 வாக்கில் ஏறத்தாழ 2 ஹெக்டேர்தான் மிஞ்சியது. விலாங்குச்சல்லிக்கு நேர்ந்தது இதற்கும் நேரும் என்று தெரிந்த பிறகு, சென்னை ஐ.ஐ.டி. பொறியாளர்களும் சுகந்தி தேவதாசன் நிலையத்தினரும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். அடி அகன்று மேல் குறுகி, ஓட்டை ஓட்டையாக வார்த்த காங்கிரீட் அச்சுகளை 2015-லிருந்து தீவின் கடல்பக்கம் வரிசையாக இறக்கினார்கள். மொத்தம் 10,600. அலை அதில் மோதி வலுவிழக்கும், ஓட்டைகளுக்குள் மீன் ஒதுங்கும், மேலே பவளக்குஞ்சு ஒட்டும். தீவு கரைவது நின்று, மெல்ல மணல் சேர்ந்தது. காலநிலை மாற்றத் தகவமைப்பு நிதியிலிருந்து இதற்குப் பணம் வந்தது. அடுத்து காரியாச்சல்லிக்கும் இதே வழியில் அச்சுகள் இறக்கும் வேலை எடுக்கப்பட்டிருக்கிறது.

நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். டன் கணக்கில் கல்லை வெட்டி, காளவாயில் சுட்டு, சுவரில் பூசினோம். நாற்பது ஆண்டு கழித்துச் சிமெண்டில் கல் வார்த்து அதே இடத்தில் இறக்குகிறோம். வெட்டிய கல் விற்றவனுக்கு அன்று கிடைத்தது அன்றன்றைய கூலி. வைக்கிற கல்லுக்குக் கோடிகள். அதற்குமேல் வெக்கை வேறு. 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. 2016-ல் மட்டும் மன்னார் வளைகுடாவின் உயிர்ப்பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23-க்கு இறங்கியது. அந்தச் சூட்டுக்கு வான் தீவின் காங்கிரீட் அச்சு என்ன பதில் சொல்லும்?

2024 பிப்ரவரி 28-ல் பிரதமர் தூத்துக்குடி வந்து வெளித்துறைமுகக் கன்டெய்னர் முனையத்துக்கு அடிக்கல் நாட்டினார். 7,056 கோடி ரூபாய்த் திட்டம். பெரிய கப்பல்கள் நேராக வந்து நிற்க வேண்டும், கொழும்பு போகாமலே திருப்பூர்ச் சரக்கு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற வேண்டும் என்பது நோக்கம். ஏற்றுமதியாளர்கள் பல காலமாகக் கேட்டுவந்தது இதுதான். கேட்டதில் தவறில்லை. கொழும்பில் ஒரு பெட்டி ஒரு வாரம் சிக்கினால் சீசன் தவறி, விலையில் தள்ளுபடி கொடுத்தவர்களுக்கு வலி தெரியும். பெரிய கப்பலுக்கு ஆழம் வேண்டும், ஆழத்துக்குத் தூர்வார வேண்டும், வாரிய மண்ணை எங்காவது போட வேண்டும். எங்கே, எந்தப் பருவத்தில், எவ்வளவு கலங்கலோடு என்பதை யார் தினந்தோறும் அளப்பார்கள், அளவு மீறினால் யார் வேலையை நிறுத்தச் சொல்வார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தில் திருப்பூர் இருக்கிறது என்பது என் எண்ணம். இங்கே ஒவ்வொரு ஆலைக்கும் வெளிநாட்டு பையர் ஆடிட் வருகிறது. கழிவறைக் கதவிலிருந்து தீயணைப்பான் தேதிவரை பார்க்கிறார்கள், சாயக்கழிவு எங்கே போகிறது என்று மீட்டரைப் பார்த்துக் குறிக்கிறார்கள். கேட் தாண்டி லாரி ஏறியதும் ஆடிட் முடிந்துவிடும். துறைமுகத்துக் கடலைப் பற்றிய ஒரு கட்டமும் அந்தப் படிவத்தில் இல்லை. துறைமுகத்தின் பெரிய வாடிக்கையாளர்களில் ஒருவர் என்ற முறையில் ஏற்றுமதியாளர் சங்கம் ஆழம் கேட்டு மனு கொடுக்கும்போதே, வண்டல் அளவைப் பொதுவில் வெளியிடச் சொல்லி ஒரு வரியும் சேர்க்கலாம். மீனவர்களுக்கு இல்லாத செல்வாக்கு சரக்குக்காரர்களுக்கு இருக்கிறது.

குழாய்த் திட்டம் என்னாயிற்று என்று சொல்லவில்லையே. அது கோப்பைத் தாண்டவில்லை. நிறைவேறியிருந்தால், நொய்யல் விவசாயிகள் படியேறி வாங்கிய நீதி, படியேறத் தெரியாத ஏதோ ஒரு கடற்கரையின் செலவில் கிடைத்திருக்கும். கடல் இல்லை, ஆறு இல்லை என்றான பிறகு உயர் நீதிமன்றம் சொன்ன ஒரே வழிதான் மிச்சம்: ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் பட்டறைக்குள்ளேயே காய்ச்சி, உப்பை உப்பாகவும் தண்ணீரைத் தண்ணீராகவும் பிரித்தெடுப்பது. அதைச் செய்யாத எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் 2011 ஜனவரி 28 அன்று ஒரே உத்தரவில் மூடப்பட்டன. மின்சாரம் துண்டிக்கப்பட்ட அந்த நாளிலிருந்து அடுத்த வாரம் தொடங்குவோம்.